சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குரல், கொழும்பில் ஒரு குரல்



அரசியல் தலைவர்கள் அயல்நாட்டு அவைகளில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது இன்றைய பொருள். இதை எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ராஜதந்திரப் பேச்சின் நுணுக்கங்களை விரித்துரைப்பார்கள். எதைச் சொல்லாமல் விடுவது, எதை இருபொருள்பட வைப்பது, எங்கே நன்றி கூறி எங்கே கடிந்துகொள்வது என்பவை அவை. சுவையான செய்திகள்தாம். ஆனால் ஒரு தலைவர் அயலாரிடம் பேசிய பேச்சைத் தனியே எடுத்து வைத்து ஆராய்ந்தால் பாதி உண்மைதான் கிடைக்கும் என்பது என் துணிபு. தம் நாட்டுக்குள், தம்மை எதிர்க்கும் வலுவில்லாத மக்களிடம் அவர் எப்படிப் பேசினார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டு பேச்சுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் அவருடைய அரசியல் இருக்கிறது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்தன. 1951இல் அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆற்றிய உரை, ஆசியத் தலைவர் ஒருவர் அயல்மண்ணில் ஆற்றிய மிகச் சிறந்த உரைகளுள் ஒன்று. மனமாரச் சொல்கிறேன். தமிழர் அவையில் அவர் பெயரைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு கனக்கும். அதற்கான காரணத்துக்கும் வருவேன். முதலில் அந்த உரைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். அது நல்ல உரை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான், பின்னால் கேட்க வேண்டிய கேள்விக்கு வலு வரும்.

1951 செப்டம்பர் 4 முதல் 8 வரை சான் பிரான்சிஸ்கோவின் போர் நினைவு ஆப்பெரா மாளிகையில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்துகொள்வதற்கான மாநாடு நடந்தது. போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் ஜப்பான் அமெரிக்கப் படைகளின் பிடியிலேயே இருந்தது. கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. உடன்படிக்கையின் வாசகத்தை அமெரிக்கத் தூதர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் நாடு நாடாகச் சென்று பேசி முன்பே முடித்துவைத்திருந்தார். தலைமையேற்ற அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன், வாசகத்தில் திருத்தம் கொண்டுவர இடமே தராத விதிகளோடு அவையை நடத்தினார். ஆகவே வந்திருந்த நாடுகளுக்கு அங்கே இரண்டே வேலைகள்: பேசுவது, பிறகு கையெழுத்திடுவது அல்லது இடாமல் போவது.

முடிவு முன்பே தெரிந்துவிட்ட அவையில் பேசும் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். அந்த மாதிரி அவையில்தான் பேச்சு முழுக்க முழுக்க வெளியே இருப்பவர்களுக்காகப் பேசப்படுகிறது. தொடக்க நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆற்றிய உரை அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை நேரடியாக ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சி. மண்டபத்துக்குள் இருந்தவர்களைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத பெருங்கூட்டம் ஒன்று அவையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை எந்தத் தலைவரும் எதிரே இருப்பவரிடம் மட்டும் பேசியதில்லை.

வராதவர்களையும் பார்க்க வேண்டும். போரில் ஜப்பானால் மிகக் கொடுமையாகச் சிதைக்கப்பட்ட சீனாவுக்கு அழைப்பே இல்லை. பீக்கிங் அரசையா, தைவானில் இருந்த அரசையா, யாரை அழைப்பது என்பதில் வல்லரசுகளுக்குள் உடன்பாடு இல்லாததால் இருவரையும் விட்டுவிட்டார்கள். ஜப்பானின் ஆட்சிக்குள் முப்பத்தைந்து ஆண்டுகள் கிடந்த கொரியாவுக்கும் அழைப்பில்லை. இந்தியாவும் பர்மாவும் அழைப்பு வந்தும் செல்லவில்லை. அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தொடர்ந்து இருப்பதையும் ஒகினாவா உள்ளிட்ட தீவுகள் அமெரிக்கக் கைக்குள் போவதையும் நேருவின் அரசு ஏற்கவில்லை. பின்னர் 1952 ஜூனில் ஜப்பானோடு தனியே உடன்படிக்கை செய்துகொண்டு, இழப்பீடும் வேண்டாம் என்று சொன்னது. ஆக, ஆசியாவைப் பற்றிய மாநாட்டில் ஆசியாவின் பெரிய நாற்காலிகள் காலியாக இருந்தன.

அந்தக் காலியிடத்தை நோக்கித்தான் இலங்கையின் நிதியமைச்சர் செப்டம்பர் 6ஆம் நாள் நடந்து வந்தார். அவருக்கு வயது 44. நாடு விடுதலை பெற்று மூன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகக்கூட இலங்கை அப்போது இல்லை. பிரித்தானியத் தளங்கள் அங்கே இருப்பதைக் காட்டி, அது உண்மையில் விடுதலை பெற்ற நாடே இல்லை என்று சொல்லி, சோவியத் ஒன்றியம் வீட்டோ அதிகாரத்தால் அதன் விண்ணப்பத்தைத் தள்ளிவந்தது. 1955 டிசம்பரில்தான் இலங்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த உரையைப் படித்தால் அதன் பல வரிகளின் கூர்மை புரியும்.

எடுத்த எடுப்பில், தாம் யாருக்காகப் பேசுகிறார் என்பதை ஜெயவர்தன வரையறுத்துக்கொள்கிறார். தம் அரசின் சார்பில் பேசும் உரிமை தமக்கு உண்டு. ஜப்பானின் எதிர்காலம் பற்றி ஆசிய மக்களுக்கு உள்ள பொதுவான உணர்வை எடுத்துச் சொல்லவும் தம்மால் முடியும் என்கிறார். உரிமை என்பது அரசுக்கு மட்டும். ஆசியாவுக்கு உணர்வு மட்டும். சின்ன நாட்டின் அமைச்சர் பெரிய கண்டத்தின் பெயரைச் சொல்கிறார், ஆனால் யாரும் வந்து ‘உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது’ என்று கேட்க முடியாதபடி சொல்கிறார். 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டை அடுத்து நினைவூட்டுகிறார். முழு விடுதலை பெற்ற ஜப்பான் என்ற எண்ணம் அங்கேயே பேசப்பட்டது என்கிறார். அதாவது இந்த உடன்படிக்கை வாஷிங்டனில் மட்டும் பிறந்தது அன்று, கொழும்பும் அதற்கு ஒரு தாய்வீடு என்று காட்டுகிறார்.

ஆசிய மக்கள் ஜப்பானை ஏன் முற்றிலும் வெறுக்கவில்லை என்று விளக்கும் பகுதி நேர்மையானது. குடியேற்ற ஆட்சிக்குள் கிடந்த நாடுகளுக்கு, தன்னந்தனியாக வலுவோடு நின்ற ஒரே ஆசிய நாடாக ஜப்பான் தெரிந்தது. ஆசியர் கூட்டாக வளம் பெறுவது என்ற அதன் முழக்கம் அடிமைப்பட்ட மக்களை ஈர்த்தது. பர்மா, இந்தியா, இந்தோனேசியத் தலைவர்கள் சிலர் தம் நாடு விடுபடும் என்ற நம்பிக்கையில் அதனோடு சேர்ந்தார்கள். மேற்கு வல்லரசுகள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவையில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதை அறிந்த நமக்கு இந்தப் பகுதி அந்நியமாக இருக்காது.

அதன்பின் உரையின் மையம் வருகிறது. ஜப்பான் தம் நாட்டுக்குச் செய்த கேடுகளை அவர் வரிசைப்படுத்துகிறார். விமானத் தாக்குதல், தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் பெரும்படை நாட்டில் தங்கியதால் வந்த சேதம், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தந்த ஒரே இடமாக இலங்கை இருந்தபோது, மரம் சாகும் அளவுக்குப் பால் வெட்டியதால் நேர்ந்த அழிவு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. இந்த இழப்புகளுக்கு ஈடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்கிறார். சொல்லிவிட்டு, கேட்கப்போவதில்லை என்கிறார். பகையைப் பகையால் தணிக்க முடியாது, அன்பால்தான் தணிக்க முடியும் என்ற புத்தரின் போதனையைக் காரணமாகக் காட்டுகிறார். அந்தப் போதனை தெற்காசியாவிலிருந்து பர்மா, சயாம், கம்போடியா வழியாகவும், இமயத்தைக் கடந்து திபெத், சீனா வழியாகவும் பரவிக் கடைசியில் ஜப்பானை அடைந்த பாதையை வரைகிறார். மாநாட்டுக்கு வரும் வழியில் ஜப்பானில் தங்கி அமைச்சர்களையும் பிக்குகளையும் கண்டதைச் சொல்லி, அந்த மக்களிடம் அவ்வொளி இன்னும் இருக்கிறது என்று சான்று கூறுகிறார்.

இந்த அடுக்கைப் பாருங்கள். உரிமையை முதலில் நிலைநாட்டிய பிறகே விட்டுக்கொடுக்கிறார். கணக்குச் சொல்லாமல் மன்னித்திருந்தால் அது வெறும் பெருந்தன்மையாகத் தோன்றியிருக்கும்; கணக்கைச் சொல்லி முடித்து மன்னித்ததால் அதற்கு எடை வந்தது. மன்னிப்புக்குக் காரணமாக அரசியல் நன்மை எதையும் அவர் சொல்லவில்லை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான ஓர் ஆசானைச் சுட்டினார். தோற்ற நாட்டின் தலைமையமைச்சர் யோஷிதா ஷிகெரு அந்த அவையில் குற்றவாளியைப்போல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு, ‘நீங்களும் நாங்களும் ஒரே ஆசானின் மாணவர்கள்’ என்று ஒருவர் எழுந்து சொன்னது எப்படி இருந்திருக்கும்! ஜப்பான் அதை மறக்கவில்லை. கமகுராவின் பெரிய புத்தர் சிலை இருக்கும் கோத்தோகுயின் கோயிலில் 1991இல் ஜெயவர்தனவுக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். கொழும்பை அடுத்த கோட்டேயில் உள்ள பெரிய மருத்துவமனை ஜப்பானின் கொடை.

அதே உரையில் கத்தியும் இருந்தது. சோவியத் பேராளர் குரோமிக்கோ கொண்டுவர முயன்ற திருத்தங்களில் ஒன்று, ஜப்பானிய மக்களுக்குப் பேச்சு, அச்சு, வழிபாடு, அரசியல் கருத்து, பொதுக்கூட்டம் ஆகியவற்றில் உரிமை உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது. ஜெயவர்தன அதை எடுத்துக்கொண்டு, சோவியத் மக்களே இந்த உரிமைகளைப் பெற ஏங்குவார்களே என்றார். தம் நாட்டின் விண்ணப்பத்தைத் தடுத்துவரும் வல்லரசுக்கு ஒரே வாக்கியத்தில் விடை. ஒரு கையால் அணைத்து மறுகையால் குத்தும் இந்த வித்தை ராஜதந்திரத்தில் புதிதில்லை. அதனால் அவருடைய கருணை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாரமே ஜப்பானும் அமெரிக்காவும் தனியே ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வல்லரசுப் போட்டியின் நடுவில்தான் அந்தக் கருணை பேசப்பட்டது. நல்ல சொல் எப்போதும் கலங்கிய நீரில்தான் பயணம் செய்கிறது. 48 நேச நாடுகள் ஜப்பானோடு கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியமும் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் மறுத்தன.

அந்த அவையில் வேறொரு குரலும் ஒலித்தது. நம் ஊரில் ஜெயவர்தனவின் உரையைப் புகழ்வோர் அதைச் சொல்வதே இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் கார்லோஸ் ரோமுலோ பேசினார். 1945 பிப்ரவரியில் மணிலா நகரில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டிருந்தார்கள். அவர் ஜப்பானை நேரே விளித்து, நீங்கள் எங்களுக்கு இழைத்தது பெருங்கொடுமை, அண்டை வீட்டாராக வாழ வேண்டியது நம் விதி, ஆயினும் எங்கள் கை மன்னிக்க நீளுமுன் உங்கள் நெஞ்சு வருந்தியதற்கு ஓர் அடையாளம் காட்டுங்கள் என்ற பொருளில் பேசினார். பிலிப்பைன்ஸ் கையெழுத்திட்டது, ஆனால் இழப்பீடாக 55 கோடி டாலர் தர ஜப்பான் ஒப்புக்கொண்ட பிறகு, 1956இல்தான் அந்த உடன்படிக்கைக்குத் தன் நாட்டில் ஒப்புதல் அளித்தது.

எனக்கு ரோமுலோவின் உரைமீது பெருமதிப்பு உண்டு. மன்னிக்கச் சொல்லி யாரும் அவருக்குப் பாடம் எடுக்க முடியாது. மன்னிக்கும் உரிமை, அடிபட்டவருடைய உடைமை. அடி எவ்வளவு ஆழமோ அவ்வளவு அருமையானது அது. இலங்கை பட்ட அடி உண்மையானது, ஆனால் மணிலாவோடும் நான்கிங்கோடும் ஒப்பிட மிகச் சிறியது. அதனால் இலங்கையால் எளிதாகக் கொடுக்க முடிந்தது. கொடுத்தது நல்லதுதான். தொலைவில் இருக்கும் பகைவனை மன்னிப்பது, கூடவே வாழ்கிறவனுக்கு நியாயம் செய்வதைவிட எளிது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி ரப்பர் மரத்துக்கு வருகிறேன்.

மரம் சாகும் அளவுக்குப் பால் வெட்டிய கதையை ஜெயவர்தன இழப்புப் பட்டியலில் சேர்த்தார். வெட்டிய கை யாருடையது? இலங்கையின் பெருந்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். போர்க்காலத்தில் விடிவதற்கு முன் ரப்பர்க் காட்டுக்குள் போய் வழக்கத்துக்கு மேல் பால் எடுத்துக் கொடுத்த கைகளில் அவர்களுடைய கைகள் கணிசமானவை. 1946 கணக்கெடுப்பின்படி, மலையகத் தமிழர் எனப்படும் இவர்கள் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் மக்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. இவற்றைக் கொண்டுவந்த தலைமையமைச்சர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் ஜெயவர்தன நிதியமைச்சர். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1948 முதல் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமும் அதே அமைச்சரவையில் இருந்தார்; அதனால்தான் அவர் கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்து போய்த் தனிக்கட்சி கண்டார். குற்றத்தைச் சிங்களத் தலைவர்கள்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது.

ஆக, 1951 செப்டம்பர் 6 அன்று, ரப்பர் மரத்துக்கு நேர்ந்த சேதம் உலக அவையில் பதிவாயிற்று. பால் வெட்டியவருக்கு நேர்ந்த சேதம் எங்கும் பதிவாகவில்லை. சோவியத் மக்களுக்கு இல்லாத உரிமைகளை எடுத்துக்காட்டிய அதே அமைச்சரின் நாட்டில், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் அடுத்த ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க வழியின்றி நின்றார்கள். குரோமிக்கோ விவரம் தெரிந்தவராக இருந்திருந்தால் அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, எந்த நாடும் கேட்கவில்லை. அயல்நாட்டு மேடையில் பேசுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி இதுதான். அவருடைய சொல்லை அவருடைய வீட்டோடு ஒத்துப் பார்க்கிறவர் யாரும் அங்கே இருப்பதில்லை.

ஜெயவர்தன உள்நாட்டில் பேசிய பேச்சின் வரலாறு 1951க்கு முன்பே தொடங்கிவிட்டது. சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் தீர்மானத்தை அரசாங்க சபையில் கொண்டுவந்தவர் அவர். 1944 மே மாத விவாதத்தில் வி. நல்லையா கொண்டுவந்த திருத்தத்தை ஏற்றுத் தமிழையும் சேர்க்க இசைந்தார். அந்த இசைவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1957இல் தலைமையமைச்சர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டவரும் அவரே. இவற்றை விரைந்து கடந்து 1983க்கு வருகிறேன். அந்த ஆண்டின் ஓர் உரையை, சான் பிரான்சிஸ்கோ உரைக்கு அருகே வைக்க வேண்டும்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பில் தீவைப்பு தொடங்கிற்று. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள் என்று அன்றைய செய்தியாளர்கள் எழுதினார்கள். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளுமாக, அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மாண்டோர் சில நூறு பேர் என்றது அரசு; ஆயிரங்கள் என்றனர் மற்றவர்கள். கோயில்களிலும் பள்ளிகளிலும் விமானக் கொட்டகையிலும் மக்கள் ஒண்டியிருந்தார்கள். இப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெயவர்தன பேசவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், நான்கு நாள். ஜூலை 28ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றினார். அதே நாளில்தான் இந்திய வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவும் கொழும்புக்கு வந்திறங்கினார்.

அந்த உரையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். நடந்ததைச் சிங்களப் பொதுமக்களின் பரந்த எதிர்வினையாக அது விளக்குகிறது. சிங்கள மக்களின் கோரிக்கைக்கும் மானத்துக்கும் செவிசாய்க்கும் நேரம் வந்துவிட்டது என்கிறது. பிரிவினை கேட்போர்மீது சட்டம் வரும் என்று அறிவிக்கிறது. அரசியலமைப்பின் ஆறாம் திருத்தமாக அது ஆகஸ்டில் வந்தது. வீடிழந்தவருக்கும் உயிரிழந்தவரின் உறவினருக்கும் அந்த உரையில் ஆறுதலாக ஒரு வாக்கியம் இல்லை. கலவரத்துக்கு முன்பே, ஜூலை முற்பகுதியில் லண்டன் நாளேடு ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், யாழ்ப்பாண மக்களின் கருத்தைப் பற்றியோ உயிரைப் பற்றியோ இப்போது எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தார்.

இரண்டு உரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது வரும் வேதனையை மறைக்க நான் விரும்பவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அவருக்குக் கைவந்த எந்தப் பண்பும் கொழும்பில் இல்லை. அங்கே இழப்பைப் பெயர் சொல்லி எண்ணினார். இங்கே இழப்பின் பெயரே வரவில்லை. அங்கே எதிரியோடு பொதுவான ஆசானைக் கண்டார். இங்கே தம் குடிமக்களோடு பொதுவான எதையும் காணவில்லை. பகை அன்பால்தான் தணியும் என்று அமெரிக்காவில் உலகுக்கே எடுத்துச் சொன்ன அதே மனிதர், அதைச் சொல்ல மிகவும் தேவைப்பட்ட நாளில் அந்தப் போதனையைத் தொடவில்லை. குண்டு போட்ட நாட்டுக்குக் கிடைத்த சொல், எரிந்த வீட்டிலிருந்து ஓடிவந்த குடிமகனுக்குக் கிடைக்கவில்லை.

அவர் மனத்தில் இருந்ததை நான் அறியேன். உரைகள் காட்டுவதை வைத்துத்தான் பேசுகிறேன். அயல்நாட்டு அவையில் பேசும் பெருந்தன்மைக்கு வாக்கு விலை இல்லை. ஜப்பானை மன்னித்ததால் கொழும்பில் ஒரு தொகுதியும் கைநழுவவில்லை. தமிழருக்கு ஆறுதல் சொல்லியிருந்தால் விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும். சொல்லுக்கு விலை கொடுக்க ஒருவர் ஆயத்தமா என்பது வீட்டில்தான் தெரியும்.

விலை கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1963 ஜூன் 10ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சோவியத் ஒன்றியத்தைப் பற்றிப் பேசினார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அமெரிக்க மாணவர்கள். மாஸ்கோவை நோக்கிய சேதியை அவர் தம் மக்களிடம் கேட்கும் வேண்டுகோளாகச் சொன்னார்: அமைதியைப் பற்றியும் ரஷ்யரைப் பற்றியும் நம் மனப்போக்கை நாமே மறுபடி ஆராய வேண்டும் என்றார். சோவியத் நாளேடுகள் அந்த உரையை முழுதாக அச்சிட்டன. ஆகஸ்ட் 5ஆம் நாள் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அந்த உரைக்கு மறுநாள், ஜூன் 11ஆம் நாள் மாலை, கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தொலைக்காட்சியில் பேசினார். தோலின் நிறத்தை மாற்றிக்கொண்டு அந்த இடத்தில் நிற்க நம்மில் யார் ஒப்புவோம் என்று வெள்ளையரைக் கேட்டார். தென் மாநிலங்களில் தம் கட்சிக்கு அது கேடு என்று தெரிந்தே பேசினார். பகைநாட்டைப் பற்றிய உரைக்கும் உள்நாட்டு அநீதியைப் பற்றிய உரைக்கும் இடையே ஒரே இரவுதான்.

வில்லி பிராண்ட் இன்னும் ஒரு படி மேலே. 1970 டிசம்பர் 7ஆம் நாள், மேற்கு ஜெர்மனியின் தலைமையமைச்சராக வார்சாவில் யூதர் குடியிருப்பு எழுச்சியின் நினைவிடத்தின் முன் அவர் மண்டியிட்ட படம் உலகெங்கும் போயிற்று. இத்தனைக்கும் அவர் நாஜிகளுக்குத் தப்பி நார்வேயிலும் ஸ்வீடனிலும் வாழ்ந்தவர். மண்டியிட வேண்டிய குற்றம் எதுவும் அவர் கையில் இல்லை. படம் நமக்கு நினைவிருக்கிறது. அன்று மாலை அவர் செய்ததை நாம் மறந்துவிட்டோம். வார்சாவிலிருந்தே ஜெர்மன் மக்களுக்குத் தொலைக்காட்சியில் உரையாற்றினார். போலந்தின் மேற்கு எல்லையை ஏற்கும் உடன்படிக்கையில் அன்றுதான் கையெழுத்திட்டிருந்தார். கிழக்கில் வீடும் நிலமும் விட்டுத் துரத்தப்பட்ட பல லட்சம் ஜெர்மானியர் வாக்காளர்களாக இருந்தார்கள். அவர்களிடம், எப்போதோ சூதாடித் தோற்றதைத் தவிர வேறெதையும் இந்த உடன்படிக்கையால் நாம் இழக்கவில்லை என்ற பொருளில் பேசினார். சூதாடியவன் ஹிட்லர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போலந்து மக்களிடம் சொன்ன உண்மையை, அது கசக்கும் காதுகளிலும் அன்றைக்கே போட்டார்.

ஜெர்மனியில் ‘டெர் ஷ்பீகல்’ இதழ் எடுத்த கணிப்பில், மண்டியிட்டது மிகை என்றவர்கள் 48 விழுக்காடு, தகும் என்றவர்கள் 41 விழுக்காடு. 1972 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. இரண்டே வாக்குகளில் தப்பினார். விலை என்று நான் சொன்னது இதைத்தான்.

இலங்கையில் பின்னர் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் முடித்தால் நியாயமாகாது. 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் இந்தியத் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை பல இனங்களும் பல மொழிகளும் வாழும் நாடு. வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்றுக் காலந்தொட்டு வாழ்ந்துவந்த பகுதிகள். இவை அதில் எழுதப்பட்டன. அதைத் தொடர்ந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 1988இல் ஜெயவர்தனவின் அரசே, மலையகத் தமிழர் தலைவர் தொண்டமானை அமைச்சராகக் கொண்டிருந்த அரசே, நாடற்றவராக இருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது. நாற்பதாண்டு அநீதிக்கு ஒரு திருத்தம். அதற்காக அவருக்கு உரியதை அவருக்குக் கொடுக்கிறேன்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழர் யார், அவர்கள் வாழும் மண் எது என்ற ஒப்புதல் கொழும்பு தில்லிக்குக் கொடுத்த ஒப்புதலாக வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எரிந்த வீடுகளின் மக்களை நேரே பார்த்துச் சொன்ன சொல்லாக அது வரவில்லை. இன்னொரு நாட்டின் தலைமையமைச்சர் பக்கத்தில் அமர்ந்து கையெழுத்திட, இரு அரசுகளுக்கு இடையிலான பத்திரத்தின் வாசகமாக வந்தது. வெளியிலிருந்து வந்து ஒட்டிய தாளாகவே சிங்களக் கிராமங்கள் அதைப் பார்த்தன. தமிழர் தரப்பும் அதைத் தனக்குக் கொடுத்த வாக்காக ஏற்கவில்லை. சில வாரங்களிலேயே இந்தியப் படை வடக்கில் சண்டையில் இறங்கியது. சொந்த மக்களிடம் ஒரு முறையேனும் சொல்லியிருந்தால் அந்த வாசகத்துக்கு வீட்டிலேயே சாட்சிகள் இருந்திருப்பார்கள்.

இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 1951 சான் பிரான்சிஸ்கோ உரை, 1983 ஜூலை 28 உரை, 1987 ஒப்பந்தத்தின் வாசகம் ஆகிய மூன்றையும் முழுமையாகத் தமிழில் பெயர்த்து ஒரே நூலாக வெளியிடுங்கள். கார்லோஸ் ரோமுலோவின் உரையையும் முதல் உரைக்கு அடுத்து வையுங்கள். சிங்களத்திலும் ஒரு பதிப்பு வர வேண்டும். முன்னுரையோ விளக்கமோ தேவையில்லை. நாள், இடம், பேசியவர் பெயர் ஆகியவை போதும். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் சென்னையிலும் படிக்கும் மாணவர்கள் அவற்றை அடுத்தடுத்துப் படித்துத் தங்கள் முடிவுக்கு வரட்டும். மொழிபெயர்ப்பில் பங்கேற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.